சுமோ டீச்சர்

1997-ஆம் வருஷம் மே மாதம், சூசைமாணிக்கம் வீட்டில் கார் வாங்குவது என்று முடிவானது. வாங்குவதுதான் முடிவானதே தவிர, எதை வாங்குவது என்பதில் புருஷனும் பெண்டாட்டியும் பதினேழு நாள் மல்லுக்கட்டினார்கள்.

சூசைமாணிக்கத்துக்குத் திண்டுக்கல் பழனி ரோட்டில் உரக்கடை. மனைவி மரியசெல்வி சின்னாளப்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆள் நாலடி பத்தங்குலம்தான். கரும்பலகையின் மேல் பாதி அவளுக்கு எட்டாது. அந்தப் பகுதியில் தேதியும் பாடத்தின் பெயரும் எழுதுவதற்கு வகுப்பில் உயரமான பிள்ளை யாரையாவது எழுப்பிவிடுவாள்.

பதினான்கு வருஷமாகத் தினமும் டவுன் பஸ்ஸில் போய் வந்தாள். பஸ் ஸ்டாண்டில் ஏறுவதற்குள்ளேயே கொசுவம் கலைந்துவிடும். மேல் கம்பியும் எட்டாது, சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். சாயங்காலம் திரும்பும்போது நூல் மூட்டைக்கும் கத்தரிக்காய்க் கூடைக்கும் நடுவில் ஒற்றைக் காலில் வருவாள். அப்படி வந்த ஒரு நாள்தான், கூட நின்ற நர்கீஸ் டீச்சர், "ஏன் செல்வி, நாம ரெண்டு பேரும் காரு ஓட்டப் படிச்சா என்ன?" என்று கேட்டாள். பேச்சுக்குக் கேட்டதுதான். ஆனால் மறுவாரமே இருவரும் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்துவிட்டார்கள்.

காலை ஆறு மணிக்கு வகுப்பு. வீட்டில் "பூசைக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள், பூசை முடிகிற நேரத்துக்குச் சரியாகத் திரும்புவாள். பொய் சொன்ன உறுத்தலில் அதைப் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் சிரிப்பை அடக்குவது கேட்டது. மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். லைசென்ஸ் வந்ததும் அதைப் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தாள்.

அதனால் கார் பேச்சு வந்தபோது அவள் மனசில் ஓடியது டிரைவிங் ஸ்கூலின் வெள்ளை மாருதிதான். சின்ன வண்டி. தானே ஓட்டிக்கொண்டு, பக்கத்தில் நர்கீஸை உட்கார்த்தி, அம்பாத்துரை வழியாக ஜன்னலைத் திறந்துவிட்டுப் போகலாம். இதை வீட்டில் இந்த மாதிரிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஏங்க, நாம மூணே பேரு. சின்னக் காரு பத்தாதா?" என்று மட்டும் கேட்டாள். மூன்றாவது ஆள், எட்டாவது படிக்கிற மகள் ஜெயசீலி.

"மூணு பேரா? அக்கா வீட்டுல அஞ்சு, பெரியண்ணன் வீட்டுல ஆறு, தங்கச்சி வீட்டுல நாலு. அம்புட்டுப் பேரையும் விட்டுட்டு எண்ணுற. கணக்கு டீச்சருன்னு பேரு" என்றார் சூசைமாணிக்கம். "வருசா வருசம் வேளாங்கண்ணிக்கு வாடகை வேன் பிடிச்சு அல்லாடுறோம். வண்டின்னா அதுல சனம் ஏறணும் செல்வி. டாடா சுமோ பத்துப் பேரு வண்டி. இறுக்கி உக்காந்தா பதிமூணு."

சிறுமலை அடிவாரத்து மிக்கேல்பட்டியிலிருந்து அவர் கூடப் பிறந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார்கள். எல்லோரும் வெங்காயமும் வெற்றிலைக் கொடிக்காலும் பார்க்கிறவர்கள், அந்தக் குடும்பத்தில் முதல்முதலாக வண்டி வாங்குகிறவர் சூசைமாணிக்கம். மூத்த அக்கா வியாகுலம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டு எல்லார் பேச்சையும் கேட்டாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த வார்த்தை. கடைசியில் யாரையும் பார்க்காமல், "சின்னக் காருன்னா, அதுல எனக்கு எடமில்லைன்னு அர்த்தம். வேற என்ன?" என்றாள்.

அத்தோடு சின்னக் கார் பேச்சு முடிந்தது.

சந்தன நிறத்தில் சுமோ வந்தது. பின்னால் எதிரெதிராக இரண்டு நீளச் சீட்டு, பின்கதவில் தொங்கும் டயர். சாமியார் தீர்த்தம் தெளித்தார். நத்தம் பக்கத்து மலைச்சாமி டிரைவராக வந்து சேர்ந்தார். வியாகுலம்மாளால் காலைத் தூக்கி ஏற முடியவில்லை என்று ஒரு மரமுக்காலி செய்து, அதையும் வண்டியிலேயே வைத்தார்கள்.

மரியசெல்வி டவுன் பஸ்ஸில்தான் போனாள். ஒரு டீச்சரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட அத்தனை பெரிய வண்டியை எடுப்பதாவது! ஒரு நாள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, பக்கத்திலேயே சுமோ போனது. உள்ளே யாரோ சொந்தக்காரர்கள், மேலே உர மூட்டை. மலைச்சாமி அவளைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒரு ஹாரன் அடித்தார். அவளும் தலையை ஆட்டினாள். அன்றைக்கு வகுப்பில் எதற்கோ பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தாள்.

மறுவருஷம் ஜூன் மாதம் வியாகுலம்மாளின் மகள் சகாயராணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு திண்டுக்கல்லில். பத்து மணிக்கு அங்கே கோயிலில் பூசை. மிக்கேல்பட்டியிலிருந்து ஆண்களெல்லாம் விடியற்காலையிலேயே மண்டப வேலைக்குப் போய்விட்டார்கள். சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வேனும் கிளம்பிவிட்டது. பெண்ணும் பெண்ணைச் சேர்ந்த பொம்பளைகளும் சுமோவில் வருவதாக ஏற்பாடு.

ஒன்பதே கால். சகாயராணி வெள்ளைச் சேலையும் முக்காட்டுத் துணியுமாக வாசலுக்கு வந்துவிட்டாள். மலைச்சாமி வியாகுலம்மாளுக்கு முக்காலி எடுத்துப் போடக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. "ஆத்தாடி" என்று ஒரு சத்தம். நாலு பேர் சேர்ந்து கைத்தாங்கலாகக் கொண்டுபோய்க் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

ஊரில் போன் இருந்தது ஒரே கடையில். அது பூட்டியிருந்தது, கடைக்காரரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார். மினிபஸ் பத்தரைக்குத்தான் வரும். பெண்கள் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். வியாகுலம்மாள் தலையில் கைவைத்து முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மரியசெல்வி கட்டில் பக்கம் போனாள். "மலைச்சாமி, சாவியக் குடுங்க."

"வேணாம் டீச்சர். இது கனத்த வண்டி. ஸ்டீயரிங்க ஒடிக்கவே ரெண்டு ஆளு வேணும்."

"எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு."

"என்னது இருக்கு?" என்றாள் வியாகுலம்மாள், முக்காலியிலிருந்து எழுந்து.

மரியசெல்வி சாவியை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் போய் இரண்டு தலையணையை எடுத்து வந்தாள். ஒன்று கீழே, ஒன்று முதுகுக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். அப்போதும் கிளட்சை முழுசாக அமுக்க சீட்டின் நுனிக்கு வர வேண்டியிருந்தது. உயரத்திலிருந்து பார்த்தபோது ரோடு எங்கேயோ கீழே கிடந்தது. பத்துப் பெண்கள் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். யாரும் சொல்லாமலே பின்சீட்டில் ஒருத்தி ஜெபமாலையை எடுத்து விசுவாசப் பிரமாணம் ஆரம்பித்துவிட்டாள். கல்யாணப் பெண்ணுக்காக அல்ல, மரியசெல்வியின் கைக்காக.

ஜெபமாலையின் முதல் பத்து மணிகள் உருண்டு முடிவதற்குள் இரண்டு தரம் வண்டி நின்றது. இரண்டாவது பத்தில் ஊர் எல்லை தாண்டியது. மூன்றாவதில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கேட்டுக்கு ஏறுகிற மேட்டில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னால் ஒட்டியபடி வெங்காயம் ஏற்றிய டிராக்டர். ரயில் போய், கேட் தூக்கி, அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாளோ இல்லையோ, சுமோ பின்னால் சறுக்கியது. டிராக்டர்காரர் கத்தினார். ஜெபம் நின்றுபோனது. மரியசெல்வி மறுபடி பிரேக்கை ஓங்கி மிதித்தாள்.

பின்னாலிருந்து வளையல் போட்ட கை ஒன்று அவள் தோளில் விழுந்தது. "அத்தை, பதறாதீங்க. என்னைய விட்டுட்டா பூசைய ஆரம்பிச்சிருவாக?" என்றாள் சகாயராணி.

வண்டிக்குள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மரியசெல்வியும் சிரித்தாள். சிரித்த கையோடு ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள், டிரைவிங் ஸ்கூலில் சொன்னபடி ஆக்சிலேட்டரை அழுத்தினாள், ஹேண்ட் பிரேக்கை மெல்ல விடுவித்தாள். வண்டி உறுமிக்கொண்டு மேட்டில் ஏறித் தண்டவாளத்தைத் தாண்டியது.

கோயிலுக்குப் பத்து பத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் நின்ற சூசைமாணிக்கத்துக்கு முதலில் ஓட்டுகிற ஆளே தெரியவில்லை. ஸ்டீயரிங்குக்கு மேலே ஒரு மல்லிகைப் பூவும் இரண்டு கண்ணும் மட்டும் தெரிந்தன. கிட்டே வந்து கதவைத் திறந்தார்.

"மலைச்சாமி எங்க?"

"கட்டில்ல" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு இறங்கினாள்.

அப்படித்தான் அவள் சுமோ டீச்சர் ஆனாள். மலைச்சாமி இடுப்புக்கு வைத்தியம் பார்த்து, பிறகு திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். வேறு டிரைவர் தேட யாருக்கும் தோன்றவில்லை. காலையில் எட்டு மணிக்கு வீட்டு வாசலில் வண்டி கிளம்பும். நர்கீஸ் பேகம்பூரில் நிற்பாள். அங்கங்கே டீச்சர்கள் ஏறிக்கொள்வார்கள், சின்னாளப்பட்டி போவதற்குள் எட்டுப் பேர் ஆகிவிடும். போகிற வழியிலேயே ஒருத்தி விடைத்தாள் திருத்துவாள், ஒருத்தி தலை பின்னுவாள், ஒருத்தி மாமியாரைப் பற்றிச் சொல்லி அழுவாள். சுங்குடிச் சேலைக் கடைகள் இருக்கிற தெருவில் வண்டி நுழைந்தால் எதிரே வருகிற சைக்கிள்காரர்கள் ஓரம்கட்டி, "வரலாம் டீச்சர், வரலாம், லெப்ட்ல ஒடிங்க" என்று வழி சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகள் கணக்கில் தப்புப் போட்டால்கூட அவளிடம் அவ்வளவாகப் பயப்படவில்லை. சுமோவை ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

செப்டம்பரில் வேளாங்கண்ணி. திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று விடிந்ததிலிருந்து ஓட்டுவாள். பக்கத்தில் வியாகுலம்மாள், அவள் மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. பின் சீட்டுகளில் எதிரெதிராகப் பிள்ளைகள், முழங்காலும் முழங்காலும் இடிக்க. தஞ்சாவூர் தாண்டுவதற்குள் யாராவது ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும். புளியமரத்து நிழலில் நிறுத்திக் கழுவிவிட்டு, அங்கேயே தூக்கைத் திறந்து சாப்பிடுவார்கள். சூசைமாணிக்கம் இறங்கி டயரை உதைத்துப் பார்ப்பார். வண்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அது. எட்டு வருஷம், எட்டு செப்டம்பர். ஒரு வருஷம் நாகப்பட்டினத்துக்குக் கொஞ்சம் முன்னால் மழையில் வண்டி சேற்றில் இறங்கிவிட, பதினோரு பேர் இறங்கித் தள்ளினார்கள். வியாகுலம்மாள் முக்காலியில் உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டு மற்றவர்களை அதட்டினாள். அந்தக் கதையை அப்புறம் எந்த விசேஷ வீட்டிலும் சொல்லாமல் விட்டதில்லை.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பெரியண்ணன் பிள்ளைகள் திருப்பூருக்குப் போக, அண்ணனும் கூடவே போனார். தங்கச்சி வீடு சென்னைக்கு. சகாயராணி கோயம்புத்தூரில். ஜெயசீலி நர்சிங் முடித்து வேலூரில் வேலைக்குச் சேர்ந்தாள். டீச்சர்களில் இரண்டு பேர் ஓய்வு பெற்றார்கள், மற்றவர்கள் ஸ்கூட்டி வாங்கிக்கொண்டார்கள். நர்கீஸ் மட்டும் கொஞ்ச நாள் தனியாக வந்தாள், அவளுக்கும் மதுரைக்கு மாற்றல் வந்தது. 2006 செப்டம்பரில் வேளாங்கண்ணிக்குப் போனது நாலே பேர். பின் சீட்டில் ஆளில்லாத வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் டமடமவென்று அதிர்ந்தது.

அடுத்த வருஷம் வண்டியை மாற்றலாம் என்று சூசைமாணிக்கம்தான் ஆரம்பித்தார்.

"சின்னதா ஒண்ணு வாங்கிருவோம் செல்வி. இப்ப வேகன்-ஆர்னு வருது. ஏறி இறங்க உசரமாவும் இருக்கு, ஓட்டச் சின்னதாவும் இருக்கு. நாம ரெண்டு பேருதான?"

"ரெண்டு பேரா? மூணுன்னு சொன்னதுக்கே அன்னைக்கு என்ன சொன்னீக? ஸ்கார்பியோ பாருங்க. இல்லைன்னா அந்த மாதிரி வேற எதாவது. சின்னக் காருல யாரு ஏறுவா?"

"பெருசுல மட்டும் யாரு ஏறுறா?"

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் பேசியதை அவர் பேசினார், அவர் பேசியதை அவள் பேசினாள். அது இருவருக்குமே தெரிந்தது. தெரிந்தும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை இரண்டு கடையிலும் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். முழங்கால் வைத்தியத்துக்காகத் தம்பி வீட்டில் வந்து தங்கியிருந்த வியாகுலம்மாளும், "நானும் வாரேன்" என்று கைத்தடியோடு புறப்பட்டாள்.

முதலில் பெரிய வண்டி. ஷோரூம்காரப் பையன் சாவியை சூசைமாணிக்கத்திடம் நீட்டினான். அவர் மனைவியைக் காட்டினார். அவன் மரியசெல்வியை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சீட்டை முன்னால் தள்ளிக் கொடுத்தான். அவள் பழகிய கையோடு ஏறி உட்கார்ந்தாள். வியாகுலம்மாள் கதவுக் கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கினாள். மறு கால் வரவில்லை. மறுபடி தூக்கினாள். சுமோவில் ஏற வீட்டு வாசலில் போட்ட முக்காலியை அங்கேயே மறந்துவிட்டு வந்திருந்தார்கள். தம்பி கீழிருந்து தாங்கப் போனபோது, "விடுப்பா, நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லி ஷோரூம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த கடையில் வேகன்-ஆர். வியாகுலம்மாள் கதவைத் திறந்து, நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். மரியசெல்வி ஓட்ட, வண்டி வத்தலக்குண்டு ரோட்டில் போனது. ஸ்டீயரிங் ஒரு விரலுக்கே திரும்பியது. தலையணை இல்லாமலே கால் எட்டியது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் யாருக்கோ துரோகம் செய்வதுபோலவும் இருந்தது.

"செல்வி, இது எனக்குச் சவுகரியமா இருக்கு" என்றாள் வியாகுலம்மாள். முழங்காலைத் தடவிக்கொண்டு, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? அந்தச் சுமோவுல ஏறுறதுக்கு முந்துன நாளே எனக்குப் பயம் வந்துரும். கால் அம்புட்டு வலிக்கும்" என்றாள்.

"ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே மதினி!"

"சொன்னா விட்டுட்டுப் போயிருவீகளே."

மரியசெல்வி வண்டியை ஓரமாக நிறுத்தினாள். பின் சீட்டில் சூசைமாணிக்கம் தொண்டையைச் செருமினார். அக்கா சொன்ன தைரியத்தில் அவருக்கும் வாய் திறந்துகொண்டது.

"நானும் ஒண்ணு சொல்லிடுறேன். நீ டிரைவிங் ஸ்கூல் போனது எனக்குத் தெரியும். பால் வாங்கப் போகையில பார்த்தேன், நீயும் நர்கீஸ் டீச்சரும் அந்த வெள்ளைக் காருல."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சின்னக் காரு வாங்குனா நீ ஓட்டுவ, நான் பக்கத்துல உக்காரணும். பொண்டாட்டி ஓட்ட உக்காந்து வாரான்னு ஊர்ல பேசுவாகன்னு நெனச்சேன். பெருசு வாங்குனா உன்னால ஓட்ட முடியாதுல்ல?"

"அப்ப சனம் ஏறணும்னு சொன்னது?"

"அதும் நெசந்தான். ரெண்டும் நெசம்."

மரியசெல்விக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே இறக்கிவிட்டுப் போயிருப்பாள். பக்கத்தில் வியாகுலம்மாளின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "இவளால முடியாதுன்னு வாங்குனியாம்ல, ஓட்டிட்டாளே அப்பு!" என்று அவள் சொன்னதும், மரியசெல்வியின் கோபம் பாதியில் சிரிப்பாகிவிட்டது. மீதிப் பாதியை ஒரு வாரத்துக்கு வைத்திருந்தாள். அந்த வாரம் முழுக்க தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாத சோறுதான் வீட்டில்.

"இப்ப மட்டும் ஊர்ல பேச மாட்டாகளா?" என்று அந்த வாரக் கடைசியில் கேட்டாள்.

"பேசுறதுக்கு ஊர்ல இப்ப யாரு இருக்கா?" என்றார் அவர். அதைக் கேட்ட பிறகு அவளால் கோபமாக இருக்க முடியவில்லை. அன்றைக்குக் கத்தரிக்காய் வதக்கினாள்.

வேகன்-ஆர் வந்தது, சாம்பல் நிறத்தில். சுமோவை வாங்க ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு காய்கறி வியாபாரி வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, டிரைவர் நல்லா வெச்சிருந்திருக்காருங்க" என்றார்.

"நான்தான் ஓட்டினேன்" என்றாள் மரியசெல்வி.

அவர் சிரித்தார், அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று. மழைக் காலத்தில் பின்கதவு கொஞ்சம் இறுகும், லேசாகத் தூக்கித் திறக்க வேண்டும். மேட்டில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை இரண்டு தரம் இழுக்க வேண்டும். ஆள் நிறைய இருந்தால்தான் வண்டி அதிராமல் ஓடும் என்றெல்லாம் சொன்னாள். கடைசியில் சொன்னதைச் சொல்லும்போது அவள் கை வெறும் பின்சீட்டைத் தடவிக்கொண்டிருந்தது. வியாபாரி மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். சுமோ பழனி ரோட்டில் திரும்புகிறவரை சூசைமாணிக்கமும் அவளும் வாசலிலேயே நின்றார்கள்.

திங்கட்கிழமை புது வண்டியில் தனியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். சிறுமலைப் பக்கமிருந்து காற்று வந்தது. ஒருகாலத்தில் எவ்வளவு ஆசைப்பட்டது இது! பேகம்பூர் வந்ததும் கால் தானாகப் பிரேக்கில் போனது, அங்கே யாரும் நிற்கவில்லை என்று தெரிந்தும். வெறும் சீட்டுகள் பின்னால் சத்தமில்லாமல் வந்தன.

அம்பாத்துரை நிறுத்தத்தில், பஸ்ஸைத் தவறவிட்ட தறிக்காரப் பெண்கள் சிலர் சுங்குடிக் கட்டுகளோடு நின்றார்கள். அதில் ஒருத்தி எந்த வண்டிக்கும் கையைக் காட்டுகிற மாதிரி சும்மா கையைக் காட்டினாள். மரியசெல்வி நிறுத்தினாள்.

"சின்னாளப்பட்டிதான போறீக? ஏறுங்க."

"நாங்க நாலு பேரு இருக்கோமே டீச்சர்."

"பரவாயில்லை, கட்டை மடியில வச்சுக்கங்க" என்றாள். நாலு பேரும் இடித்துப் பிடித்து ஏறினார்கள். கதவைச் சாத்துவதற்கு முன்னாலேயே, முந்தின நாள் ஒருத்தி வீட்டில் நடந்த சண்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மரியசெல்வி கண்ணாடியைச் சரிசெய்து, அவர்கள் முகம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, வண்டியை எடுத்தாள்.